பச்சைத்தண்ணியின் கல்லீரல்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிற இடத்தில் மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற இடங்களில் எல்லாம் அவர் பச்சைத்தண்ணி. மரச்சாமான் கடை ஒன்றின் கிடங்கில் வண்டி ஓட்டுகிறார். பீரோவோ கட்டிலோ யார் வாங்கினாலும் அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவது அவர் பொறுப்பு. இறக்கியதை உள்ளே எடுத்துப்போய், திருகாணி முடுக்கி, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்த்துக் கொடுப்பது தச்சர் பொறுப்பு. இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரே வண்டியில் போய் வருகிறவர்கள். "இந்த மனுஷன் வாயில பச்சத்தண்ணியத் தவிர வேற எதுவும் படாதுப்பா" என்று தச்சர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லப் போக, பேர் பிடித்துக்கொண்டது.

அதில் பாதி உண்மை, பாதி புருடா. அவர் குடிக்க மாட்டார், அது சத்தியம். அவர் பச்சைத்தண்ணி குடித்தும் யாரும் அதிகம் பார்த்ததில்லை, அதுவும் சத்தியம். ஓட்டுகிற இருக்கைக்குப் பக்கத்தில் பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று எப்போதும் சாய்ந்து கிடக்கும். தாகம் எடுத்தால் அது, தூக்கம் வந்தால் அது, சிக்னலில் சும்மா நின்றாலும் அதேதான். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. சாமான் தூக்க வேறு ஆள் இருந்ததால் அவர் வண்டியை விட்டு இறங்குவதுகூட எப்போதாவதுதான்.

அவர் குடிக்காததற்குக் காரணம் அவருடைய அப்பா. அந்த மனுஷன் குடித்தே செத்தவர். பத்து வீடு கேட்கக் கத்துகிறவருடைய கை கால் எல்லாம் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதி, கண் மஞ்சளாகி, ஒருநாள் வாளி நிறைய ரத்தமாக வாந்தி எடுத்ததை இவர் பள்ளிக்கூடச் சீருடையோடு பக்கத்தில் நின்று பார்த்தார். கடைசி நாட்களில் புத்தி தடுமாறிப் போய், பெற்ற மகனை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாருடா?" என்று கேட்டார் அப்பா. ரத்தத்தைவிட அந்தக் கேள்விதான் இவரைப் பயமுறுத்தியது. அந்த வயசில் போட்ட சபதம், இன்றுவரை மீறவில்லை.

அதற்காகக் குடிக்கிறவர்களை ஒதுக்கித் தள்ளினாரா என்றால், அதுதான் இல்லை. வாரக் கடைசியில் கடைசி லோடு இறக்கி முடித்ததும் கிடங்கின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கூட்டம் கூடும். தச்சர், சுமை தூக்குகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர் எல்லாரும் இருப்பார்கள். நடுவில் பச்சைத்தண்ணியும் இருப்பார். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு: குடிக்கிறவனுக்கு கிளாஸ், குடிக்காதவனுக்குத் தட்டு. பொரித்த கோழி, வறுத்த கடலை, சிப்ஸ் என்று எது வந்தாலும் முதலில் அவர் முன்னால் தள்ளிவிடுவார்கள். மற்றவர்கள் கொறிப்பார்கள், இவர் சாப்பிடுவார். குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறானே பாவம் என்று அவர்களுக்கு ஒரு கரிசனம். வந்ததைத் தின்னாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று இவருக்கு ஒரு சங்கடம். சங்கடத்திலேயே தட்டுத் தட்டாகக் காலியாகும். பிறகு எல்லாரையும் வண்டியில் ஏற்றி, அவரவர் வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிடுவார். அந்த வீட்டுப் பெண்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "நீங்க ஒருத்தர் இருக்கறதாலதான் எங்களுக்கு நிம்மதி" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நாலு தட்டு தின்னலாம் என்று இருக்கும் அவருக்கு.

மிச்சம் மீதி இருந்தால் தச்சர் அதைக் காகிதத்தில் சுற்றி, உடைக்காத கூல்டிரிங்ஸ் ஒன்றையும் சேர்த்து அவர் கையில் திணிப்பார். "பாப்பாவுக்கு." பாப்பா என்பது அவருடைய ஒரே மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மிச்சம் இல்லாத வாரங்களில் இவரே வழியில் நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார். தன் அப்பா வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் பாத்திரம் பறக்கும். தான் வந்தால் பொட்டலம் வருகிறது. இந்த ஒன்றை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிமிரும்.

சில வருஷத்துக்கு முன்னால் வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போனபோது, எடுத்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னாள். இவர் டாக்டரிடம் காட்டவில்லை, கிடங்கில் போய்ச் சொன்னார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. "ஊத்திக் கழுவுறது நாங்க, கொழுப்பு உனக்கா?" என்றார் பெயின்டர். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அதோடு மறந்தார். குடித்தால்தானே ஈரல் கெடும்? இது அவருக்கு இரண்டும் இரண்டும் நாலு மாதிரி.

இந்த வருஷம் முதலாளி எல்லா ஓட்டுநர்களுக்கும் ரத்தப் பரிசோதனை ஏற்பாடு செய்தார். மற்றவர்களிடமெல்லாம் போகலாம் என்று சொன்ன டாக்டர் இவரை மட்டும் உட்காரச் சொன்னார். ஈரல் சம்பந்தப்பட்ட அளவு ஏறியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்றார். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "குடியக் கொஞ்சம் குறைங்க" என்றார்.

"நான் குடிக்க மாட்டேங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று டாக்டர் சிரித்தார்.

ஈரல் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார், மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று. வெயிலில் ஒருவிதமாக, நிழலில் ஒருவிதமாகத் தெரியும். இன்னொரு தடவை பார்ப்பார். குளிக்கும்போது, அப்பாவுக்கு டாக்டர் தட்டிப் பார்த்த மாதிரியே வயிற்றை விரலால் தட்டிப் பார்ப்பார், தண்ணீர் கோத்திருக்கிறதா என்று. அந்தச் சத்தத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. தட்டாமலும் இருக்க முடியவில்லை. சாவிக்கொத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினால்கூட, புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டதோ என்று தோன்றும்.

வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். புதிதாகத் தைப்பதைவிட, பிரித்துப் பெரிதாக்குவதும் பிடித்துச் சின்னதாக்குவதும்தான் அவளுக்கு அதிகம் வரும் வேலை. கெட்டிக்காரி, கண் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவாள். அவளிடம் போய், எனக்கு ஈரல் கெட்டுவிட்டது, ஆனால் நான் குடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மாமனார் எப்படிச் செத்தார் என்று அவளுக்குத் தெரியும். வாரா வாரம் அவர் சட்டையில் அடிக்கிற வாடையும் தெரியும். குடிகாரர்களோடு உட்கார்ந்தவர் சட்டையில் சந்தனமா மணக்கும்? "கூட இருந்தேன், குடிக்கல" என்று அவர் சொல்வார், அவளும் நம்பி, ஊறவைத்துத் துவைத்துப் போடுவாள். இத்தனை வருஷத்து நம்பிக்கை ஒரே வார்த்தையில் போய்விடும் என்று பயந்தார். லோடு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஈரல் பகுதியின் காத்திருப்புக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எதிர் வரிசையில் ஒருவர் குச்சிக் கைகளை ஊதிய வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சள். பக்கத்தில் இருந்த பெண் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். பச்சைத்தண்ணிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டுப் படுக்கவைத்து, விலாவுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். அது உள்ளே சுண்டிச் சுண்டி விட்டது. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கிறதாம். ஒவ்வொரு தடவை சுண்டும்போதும் அவர் பல்லைக் கடித்தார். வலியில்லை, பயம்.

டாக்டர் ஒரு பெண், அலட்டிக்கொள்ளாத ஆள். "குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"எப்பவாவது, விசேஷத்துக்கு?"

"என் வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல. நீங்க நம்ப மாட்டீங்க."

"நம்பறேனே" என்றார் டாக்டர். பச்சைத்தண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. "குடிச்சாத்தான் ஈரல் கெடும்னு யார் சொன்னது? இனிப்பு, எண்ணெய், உட்கார்ந்தே பார்க்கற வேலை, ஏறிப்போன இடுப்பு, இதெல்லாம் போதும். கொழுப்பு போய் ஈரல்ல படியும். படிஞ்ச கொழுப்பு சும்மா இருக்காது, சிலருக்கு ஈரலைப் புண்ணாக்கி வீங்க வைக்கும். உங்களுக்கு அந்த வீக்கம் வந்துடுச்சு. புண் ஆறி ஆறித் தழும்பும் விழ ஆரம்பிச்சிருக்கு."

"எனக்கு வலிக்கவே இல்லையேம்மா."

"அது வலிக்காது. அதுதான் அதுல உள்ள கஷ்டம்."

"அப்படியே விட்டா?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வெளிய உட்கார்ந்திருக்காங்களே, அவங்கள்ல எல்லாருமே குடிச்சவங்க இல்ல" என்றார். இன்னும் கைமீறவில்லை, எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கொழுப்பும் வீக்கமும் குறையும், இப்போதுதான் விழுகிற தழும்புகூட மாறலாம், தழும்பு முற்றி ஈரல் கல்லாகிவிட்டால் அப்புறம் திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாதிதான் காதில் விழுந்தது.

பிறகு டாக்டர் எழுந்து வந்து அவரைக் குனியச் சொல்லி, சட்டைக் காலரை விலக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். "இந்தக் கறுப்பு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது வெயில்மா. வண்டி ஓட்டறவங்களுக்கு இருக்கும்."

"காலருக்குள்ள ஏதுங்க வெயில்? தொட்டுப் பாருங்க, வெல்வெட் மாதிரி தடிச்சிருக்கு. உடம்புல சர்க்கரை சரியா செலவாகலைன்னா இப்படி வரும். ஈரல்ல கொழுப்பு இருக்கறவங்க நிறைய பேருக்கு இது இருக்கும்." நாற்காலிக்குத் திரும்பியபடி கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா? புள்ளைங்களுக்கு?"

"இல்லம்மா" என்றார் பச்சைத்தண்ணி, யோசிக்காமல்.

யோசனை வந்தது வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பும்போதுதான். மனைவியின் குரல் காதில் கேட்டது. வீட்டில் தினமும் கேட்கிற குரல், அவர் இதுவரை காதில் போட்டுக்கொள்ளாத குரல். வண்டியை எப்படி ஓட்டினார், எந்தத் தெருவில் திரும்பினார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா சின்ன ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருக்க, அம்மாக்காரி சொரசொரப்பான நாரில் சோப்பைத் தடவி அவள் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவ சொல்றது? கழுத்தத் தேய்ச்சுக் குளி, கழுத்தத் தேய்ச்சுக் குளின்னு. வயசுப் பொண்ணு, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எரியுதும்மா. நான் தேய்ச்சுத்தான் குளிக்கறேன். போக மாட்டேங்குது."

"போகாம எங்க போகும்? அழுக்குதானே?"

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். மடிப்புக்கு மடிப்பு கறுப்பு. தேய்த்த இடம் சிவந்திருந்தது, கறுப்பு அப்படியே இருந்தது. விரல் நுனியால் தொட்டார். வெல்வெட்.

"அழுக்கு இல்ல. தேய்க்காத" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போய் முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதுவரை இருந்த பயம் ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தான் போய்விடுவோம் என்று பயந்தபோதுகூட, காப்பீட்டுப் பணம் இருக்கிறது, அவள் தையல் இருக்கிறது, எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள் என்று மனசு ஒரு மூலையில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்த மூலை காலி. பாப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். எதற்கு என்று மனைவி கேட்பாள். சொன்னால் தன் குட்டு உடைந்துவிடும். சொல்லாமல் விட்டால் பிள்ளை? இரண்டு நாள் மென்று விழுங்கினார். அந்த இரண்டு நாளும் பாப்பா எதையாவது வாயில் போட்டால் இவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, உனக்கும் வேணுமா?" என்று அவள் பிஸ்கெட்டை நீட்டினாள். அவர் எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் பாப்பா பள்ளிக்கூடம் போனதும் மனைவியிடம் சொன்னார். மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், ஈரல் என்று வந்ததும் காலை நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை ஊசியிலேயே கண்ணாக இருந்தாள்.

"குடிக்கறீங்களா?"

"சத்தியமா இல்ல."

"எத்தனை வாரம் உங்க சட்டையில வாடை அடிச்சிருக்கும்? ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? இப்ப கேக்கறேன். உண்மைய சொல்லுங்க."

"பாப்பா தலைமேல அடிச்சு..."

"அவ மேல சத்தியம் பண்ணாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. "வேற எது மேல வேணும்னாலும் பண்ணுங்க. அவ மேல வேண்டாம்."

செய்யாத குற்றத்தை இல்லையென்று எப்படி நிரூபிப்பது? குடித்தவனுக்கு பாட்டில் சாட்சி. குடிக்காதவனுக்கு யார் சாட்சி? அவள் ஃபோனை எடுத்துத் தச்சரைக் கூப்பிட்டாள். உடனே வரச் சொன்னாள். விஷயம் சொல்லவில்லை.

தச்சர் தலையை நனைத்துப் படிய வாரிக்கொண்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்ற முகத்தோடு வந்து சேர்ந்தார். கேள்வியைக் கேட்டதும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இதுக்கா கூப்பிட்ட தங்கச்சி? நான் பயந்தே போயிட்டேன். குடிக்கறாரான்னா கேக்கற? நாங்க குடிச்சதுக்கெல்லாம் இந்த மனுஷன்தான் சாட்சி, இவர் குடிக்கலைங்கறதுக்கு நாங்க அத்தனை பேரும் சாட்சி. குடிகாரப் பய சாட்சியத்த எவன் நம்புவான்னு நீ நினைக்கலாம். ஆனா ஒரு குடிகாரன் இன்னொருத்தன் குடிக்கறத மறைக்கவே மாட்டான் தங்கச்சி. அவனுக்கு அதுல ஒரு சந்தோஷம், கூட ஒருத்தன் இருக்கான்னு. இவர் எங்களுக்கு அந்தச் சந்தோஷத்த ஒரு நாளும் குடுக்கல."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. தச்சர் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்காரர், உற்சாகம் வந்துவிட்டது.

"நாங்க குடிப்போம், அவர் திம்பார். அவ்வளவுதான். நாங்க எவ்வளவு குடிப்போமோ அவ்வளவு திம்பார். கோழியா, சிப்ஸா, எல்லாம் அவர் பக்கம்தான். கலர் பாட்டில் அவர் மட்டும் ரெண்டு மூணு உடைப்பார். மிச்சத்த பாப்பாவுக்குன்னு நான்தான் பொட்டலம் கட்டிக் குடுப்பேன். வாரம் தவறினதில்ல, கேட்டுப் பாரு."

தச்சர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் மெதுவாக, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "சனிக்கிழமைன்னா சாப்பிடாமக் காத்திட்டிருப்பா. அப்பா வரட்டும், அப்பா வரட்டும்னு. நானும் சூடு பண்ணிக் குடுப்பேன்." பிறகு, "ஒவ்வொரு தடவையும் பாவாடை இடுப்ப பிரிச்சு விட்டது நான்தானே. வளர்ற புள்ளன்னு நினைச்சேன். என் கைதானே அளவெடுத்துச்சு" என்று சொல்லி, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி மேஜைமேல் போட்டாள். அவர் குடிக்கவில்லை என்று அவள் நம்பிவிட்டாள். அதில் அவருக்கு ஒரு பொட்டு நிம்மதிகூட வரவில்லை. குடித்திருந்தாலாவது அது தன்னோடு போயிருக்குமே என்று தோன்றியது.

மறுநாளே மூன்று பேரும் வண்டியில் போனார்கள். பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பசையை வயிற்றில் தடவியபோது கூச்சத்தில் அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். திரைக்கு இந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். சிரிக்காதே, ஆடாதே என்று ஸ்கேன் எடுக்கிற பெண் செல்லமாக அதட்டினாள், பிறகு அந்தப் பெண்ணின் குரல் நின்றுவிட்டது. பட்டனைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் முடிந்து, ரத்த முடிவு வரும்வரை காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வயிறு ஊதியவர்களுக்கு நடுவில் சீருடை போட்ட பிள்ளை. எதிரில் இருந்த ஒரு பெண்மணி பாப்பாவைப் பார்த்து, "அப்பாவுக்காம்மா உடம்புக்கு?" என்று பரிவோடு கேட்டாள். "இல்ல ஆன்ட்டி, எனக்கு" என்றாள் பாப்பா.

டாக்டர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இவளுக்கும் ஈரல்ல கொழுப்பு இருக்கு. வீக்கம் ஆரம்பிச்ச மாதிரி ரத்தத்துல தெரியுது. தழும்புக்கான அறிகுறி எதுவும் இல்ல. இந்த வயசுல இது திரும்பிடும். ஆனா தானாத் திரும்பாது, நீங்கதான் திருப்பணும். கூல்டிரிங்ஸ் அடியோட நிக்கணும். பொரிச்சது நிக்கணும். தினமும் ஓடணும், விளையாடணும், வேர்க்கணும். பட்டினி போடக் கூடாது. அவள மட்டும் தனியா ஒதுக்கியும் பண்ணக் கூடாது, வீடே மாறணும்."

"டாக்டர், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று பாப்பா கேட்டாள். அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீ ஒண்ணுமே பண்ணலம்மா" என்றார் டாக்டர். பச்சைத்தண்ணி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் நிமிரவில்லை.

திரும்பும்போது பாப்பா நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் கேட்டாள். "அப்பா, தாத்தா எப்படிச் செத்தார்?"

இதுவரை அவளிடம் உடம்பு சரியில்லாமல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இன்று அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "ஈரல் கெட்டுப் போச்சுடா."

"உனக்கு இருக்கே, அதா?"

"அது குடிச்சதால வந்தது. ஆனா கெட்டா எல்லாம் ஒண்ணுதான்."

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எனக்கு இருக்கறதும் அதானே?"

ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. குடிகாரர்கள் பின்னால் கட்டிப் புரண்டபோதும் கோடு மாறாமல் ஓட்டியவர், பட்டப்பகலில், நெரிசல் இல்லாத ரோட்டில், பக்கத்து வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டும்படி ஓட்டினார். "ஓரமா நிறுத்துங்க" என்றாள் மனைவி. நிறுத்தினார். சாவியை எடுக்கக்கூட முடியவில்லை, அவளே எடுத்தாள். "இப்ப ஓட்ட வேண்டாம். தச்சர் வந்து எடுத்துட்டு வரட்டும். வீடு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தானே."

மூவரும் இறங்கி நடந்தார்கள். அந்த மேட்டை அவர் நாளுக்குப் பலதடவை ஏறியிருக்கிறார், எல்லாம் சக்கரத்தில். கால்நடையாக ஏறுவது இதுதான் முதல் தடவை. பாதி தூரத்திலேயே அவருக்கு மூச்சு இரைத்தது. ஒரு மதில்மேல் கையை ஊன்றி நின்றார். பக்கத்தில் பாப்பாவும் நின்றாள். அவளுக்கும் இரைத்தது. சின்ன நெஞ்சு மேலும் கீழும் போய் வந்தது, முகமெல்லாம் வேர்வை. தன் மூச்சு எது, அவள் மூச்சு எது என்று அவருக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

"அப்பா, உனக்கு பயமா இருக்கா?"

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த நாளிலிருந்து இதை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆமாடா. ரொம்ப பயமா இருக்கு."

பாப்பா அவர் கையை மதிலிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்துச் சில்லென்று இருந்தது.

"எனக்கும்தான்" என்றாள். "நிக்காதப்பா. நட."